டூரிஸ்ட் வருகையும் ஊர்க்காரர் மனசும்: மூணாறு, அஞ்சுநாடு எல்லைப்பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்து இடுக்கியில் மறையூர், காந்தளூர் முதலான அஞ்சுநாட்டு ஊர்கள், வட்டவடை, மூணாறு எஸ்டேட்டுகள், தமிழ்நாட்டுப் பக்கம் போடி, உடுமலை என்று எங்கே சுற்றுலாப் பேச்சு எடுத்தாலும் வருவது ஒரே சந்தேகங்கள்தான். கிராமசபைக்குப் போகிறவர்கள், வார்டு மெம்பர்கள், குடும்பஸ்ரீ (கேரளத்து மகளிர் குழு) பெண்கள், சர்வே எடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் ஆகியோருக்காகக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம்.

நிலைத்த சுற்றுலாங்கிறாங்களே, அது என்ன? ரிசார்ட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கிறதா?

பல இடங்களில் அந்தப் பெயிண்ட் வேலைதான் நடக்கிறது. அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. உண்மையில் அது மூன்று விஷயம்: வருகிறவர்களால் ஊரின் தண்ணீரும் காடும் விவசாயமும் தேயக்கூடாது, வருகிற காசில் நல்ல பங்கு ஊருக்குள்ளேயே தங்க வேண்டும், எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில் ஊர்க்காரர் பேச்சு எடுபட வேண்டும். முதல் இரண்டையும் அதிகாரிகள் அடிக்கடி சொல்வார்கள். மூன்றாவதுதான் காகிதத்தோடு நின்றுவிடும்.

கேரளத்தில் இது பொறுப்புச் சுற்றுலா என்ற பெயரில் நடக்கிறது. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். 2017ல் அதற்கென்று தனி மிஷன் வந்தது.

டூரிஸ்ட் வந்தா நல்லதுதானே? இதுக்குப் போய் ஊர்க்காரங்க கிட்ட கருத்து எதுக்குக் கேக்கணும்?

ஊருக்குப் பிடிக்காத சுற்றுலா ஓடாது என்பதால்தான். வழி மறிப்பார்கள், தண்ணீர்க் குழாயைப் பிடுங்குவார்கள், புகார் போகும், வழக்கு வரும். அதற்கு முன்பே, வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவது நின்றிருக்கும். முன்கூட்டியே கேட்டால் பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. எதிர்ப்பு என்று வெளியே தெரிவது பெரும்பாலும் டூரிஸ்ட் மீதான வெறுப்பாக இருக்காது. கோடையில் வராத குழாய்த் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் நகராத ரோடு, வாய்க்காலில் மிதக்கும் பாட்டில் என்று அதற்குக் குறிப்பான காரணம் ஒன்று இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் கேட்க வேண்டும்.

ஒரே தெருவுல ஒருத்தர் வேணும்ங்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வேணாம்ங்கிறார். யார் சொல்றது சரி?

இரண்டு பேருமே சரிதான். யாருக்கு என்ன வருகிறது, யாரிடமிருந்து என்ன போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மனசு அமையும். ஜீப் ஓட்டுகிறவருக்கு வண்டி கூடினால் ட்ரிப் கூடும். பூண்டு போட்டவருக்கு அதே வண்டிக் கூட்டத்தில் சந்தைக்குச் சரக்கு போய்ச் சேர இரண்டு மணி நேரம் தாமதம். ஹோம்ஸ்டே வைத்தவருக்கு நிலத்தின் விலை ஏறினால் சந்தோஷம். நிலமே இல்லாத கூலிக்காரருக்கு அதே விலையேற்றத்தால் வாடகை கூடுகிறது.

கொழுக்குமலையைப் பாருங்கள். மலை இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டிப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். ஜீப் வருமானம் ஒரு மாநிலத்தில் விழுகிறது, காலடியும் குப்பையும் இன்னொரு மாநிலத்தில் விழுகின்றன. சூரியநெல்லியில் மட்டும் கேட்டால் ஒரு பதில், போடிப் பக்கம் மட்டும் கேட்டால் வேறொரு பதில். எல்லை ஊர்களில் இரண்டு பக்கமும் கேட்காத சர்வே பாதி சர்வேதான்.

முதல்ல எல்லாருக்கும் சந்தோஷமா இருந்துச்சு. இப்ப டூரிஸ்ட் வண்டியைப் பாத்தாலே எரிச்சல் வருது. இது எங்க ஊர்ல மட்டும்தானா?

உலகம் முழுக்க இப்படித்தான். டாக்சி (Doxey) என்ற ஆய்வாளர் 1975லேயே இதை நான்கு படியாகப் பிரித்தார்: மகிழ்ச்சி, கண்டுகொள்ளாமை, எரிச்சல், பகை. உங்கள் ஊர் மூன்றாம் படியில் நிற்கிறது.

அந்தப் படிக்கட்டை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஊர் முழுக்க ஒரே மனசு என்று அது எடுத்துக்கொள்கிறது; முந்தின பதிலில் பார்த்தபடி அப்படி ஒரு ஊரும் கிடையாது. ஏறின படி இறங்காது என்றும் இல்லை. எரிச்சலின் காரணம் பார்க்கிங் என்றால், பார்க்கிங்கைச் சரிசெய்தால் பாதி இறங்கிவிடும். காரணம் தண்ணீர் என்றால் அவ்வளவு சுலபமாக இறங்காது.

கருத்துக் கேக்கணும்னா எத்தனை வீடு ஏறணும்?

ஊரில் 1,000 வீடு என்று வைத்துக்கொள்வோம். விடையில் 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றால் 278 வீடு. 10 சதவீதம் முன்பின் போதும் என்றால் 88 வீடு. அதாவது 88 வீட்டில் 60 சதவீதம் பேர் ‘வண்டி குறையணும்’ என்றால், உண்மையில் அது 50 முதல் 70 வரை எங்கும் இருக்கலாம். கிராமசபைக்கு இந்தத் துல்லியம் தாராளம். டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிய 278 சர்வே பாரத்தைவிட ஒழுங்காக ஏறின 88 வீடு மேல்.

வீட்டு எண் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 88 வேண்டுமென்றால் பதினோராவது வீடுதோறும் ஒன்று. 1 முதல் 11க்குள் ஒரு சீட்டு எடுத்து, வந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ரோட்டோர வீடுகளாகவே பார்த்துப் போனால் கடைக்காரர் கருத்துதான் கிடைக்கும். ஹோம்ஸ்டேக்காரர், விவசாயி, கூலி, லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர் என்று பிரித்து ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது 30 பேராவது இருக்க வேண்டும். லயங்களுக்குப் பகலில் போனால் பூட்டுதான் தெரியும். கொழுந்து எடுத்துத் திரும்பி, அடுப்பு பற்றவைக்கும் நேரத்துக்கும் முன்னால், சாயங்காலம் போக வேண்டும்.

என்ன கேள்வி கேக்குறதுன்னு தெரியலை. இன்டர்நெட்ல இருக்கிற பாரத்தை மொழிபெயர்த்துக் கேட்டாப் போதாதா?

போதாது. சோய், சிரகயா என்ற இருவர் 2005ல் தயாரித்த 44 வாக்கியப் பட்டியல் ஆய்வாளர்களிடையே பிரபலம். ஆய்வுக்கு அது நல்ல கருவிதான். அதை அப்படியே தமிழாக்கி ஒரு பாட்டியிடம் வாசித்தால், பத்தாவது வாக்கியத்திலேயே ‘எல்லாத்துக்கும் சரின்னு போட்டுக்கப்பா’ என்றுதான் வரும்.

‘டூரிசம் வளரணுமா?’ என்று கேட்காதீர்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ‘இப்ப வர்ற வண்டி இன்னும் கூடணுமா, இதே அளவு போதுமா, குறையணுமா?’ என்று கேளுங்கள். ‘வேலையும் ரோடும் வந்திருக்கா?’ என்பது இரண்டு கேள்வி. வேலை வந்து ரோடு வராதவர் என்ன சொல்வார்? ‘தண்ணீர்ப் பற்றாக்குறை உண்டா?’ என்பதைவிட ‘போன பங்குனியில குழாய்த் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வந்துச்சு?’ என்று கேட்டால் எண்ணாகவே கிடைக்கும். ‘வீட்டு வருமானத்துல டூரிஸ்ட் காசு எவ்வளவு: ஒண்ணுமில்ல, கால்வாசி, பாதி, அதுக்கு மேல’ என்ற கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். மற்ற பதில்கள் ஏன் அப்படி வந்தன என்பதை அதுதான் விளக்கும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு விதை முறை நன்றாக வேலை செய்யும். தண்ணீர்க் குடம், வண்டி வரிசை, ரூபாய் நோட்டு, குப்பை மூட்டை என நான்கு படம் வரைந்த தாள்களைத் திண்ணையில் பரப்புங்கள். கையில் 10 பீன்ஸ் விதை கொடுங்கள். ‘டூரிஸ்ட் வந்ததுல உங்களுக்கு எது ரொம்ப மாறிச்சோ அதுல நிறைய வைங்க’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வைத்து முடித்த பிறகு ஒவ்வொரு குவியலையும் காட்டி ‘இது நல்லதுக்கா, கெட்டதுக்கா?’ என்று கேட்டு எண்ணிக்கையோடு எழுதுங்கள். கூட்டமாக உட்காரவைத்துச் செய்தால் முதலில் வைக்கிற பெரியவரின் குவியலைத்தான் மற்றவர்களும் பின்பற்றுவார்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். குடத்தில் விழுகிற விதை சட்டென்று கூடும்.

எல்லாருமே ‘நல்லதுதான், பிரச்சினை ஒண்ணுமில்ல’ங்கிறாங்க. நம்பலாமா?

கேட்டது யார் என்று முதலில் பாருங்கள். ஜீப் சங்கத்து ஆளோ மெம்பர் வீட்டுப் பையனோ ரிசார்ட் ஊழியரோ போய்க் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். வெளியூர்ப் பிள்ளை கேட்டாலும், வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை குறுக்கே நிற்கும். காப்பித்தண்ணி கொடுத்து, நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெயர் எழுதாமல் கேட்பதும், அடுத்த வார்டு ஆளை அனுப்புவதும் கொஞ்சம் உதவும்.

மொழியும் ஒரு காரணம். இங்கே பெரியவர்கள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். பிள்ளைகளில் பலர் மலையாளத்தில் படித்தவர்கள். பாரம் ஒரே மொழியில் இருந்தால் ஒரு தலைமுறை விடுபடும். இரண்டு மொழியிலும் அச்சடித்து, வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.

ரிசார்ட் வந்தா எங்க ஊத்துத் தண்ணி போயிரும்னு பயமா இருக்கு. வெறும் பயமா, கணக்கு இருக்கா?

கணக்கு இருக்கிறது. ஒரு வாளியும் செல்போன் கடிகாரமும் போதும். ஊற்றுக் குழாயின் கீழே 10 லிட்டர் வாளியை வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். 25 விநாடி என்றால் ஒரு நாளைக்கு 34,560 லிட்டர். 100 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 55 லிட்டர் (ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு) என்றால் ஊருக்குத் தேவை 22,000. மிச்சம் 12,560. ஹோட்டலில் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தரநிலைக் கணக்கு. ஆக, 69 படுக்கை தாங்கும் என்று தோன்றும்.

அதே குழாயைப் பங்குனியில் பாருங்கள். வாளி நிரம்ப 50 விநாடி ஆனால் கிடைப்பது 17,280 லிட்டர். ஊருக்கே 4,720 குறைகிறது. ரிசார்ட்டுக்குக் கொடுக்க ஒரு படுக்கைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. பூண்டுக்கும் பீன்ஸுக்கும் பாய்ச்சுவதை இதில் சேர்க்கவே இல்லை. திட்ட அறிக்கைக்காரர்கள் மழை முடிந்த கையோடு வந்து அளந்துவிட்டு ‘தண்ணீர் தாராளம்’ என்று எழுதுவது இதனால்தான். அஞ்சுநாடு மழைமறைவுப் பகுதி, மலை மறைப்பதால் மழை குறைவு. மூணாற்று மழையை நம்பி இங்கே கணக்குப் போடக் கூடாது. மாதம் ஒரு தேதியில் வாளி வைத்து, 12 மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள். கிராமசபையில் நூறு பேர் சத்தம் போடுவதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். ஊற்று ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்தால், மேலே கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் பாருங்கள். எல்லாப் பழியையும் ரிசார்ட் தலையில் போட முடியாது.

பட்டயம் விவசாயத்துக்குன்னு குடுத்தது. அதுல காட்டேஜ் கட்டலாமா?

இடுக்கியில் சுற்றுலா பற்றிய பாதிக் கோபம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1964 நிலப்பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டயம் (அரசு தந்த நிலப் பட்டா) விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும்தான். வேறு உபயோகம் விதிமீறல் ஆகும். இதை ஒழுங்குபடுத்த வழி செய்யும் திருத்தச் சட்டத்தைக் கேரளச் சட்டசபை 2023ல் நிறைவேற்றியது. அது தவிர, 2010ல் வந்த உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மூணாற்றைச் சுற்றியுள்ள சில கிராமங்களில் கட்டடம் கட்ட வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். ‘பக்கத்தில கட்டியிருக்காங்களே’ என்பது பதில் ஆகாது. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் பட்டய நகலோடு வில்லேஜ் ஆபீசில் எழுத்துமூலமாகக் கேளுங்கள்.

சின்ன விவசாயிக்கு வீடு கட்டச் சான்று கிடைக்கத் தாமதம், பெரிய கட்டடம் மட்டும் எழும்பி நிற்கிறது என்ற எண்ணம் ஊரில் இருந்தால், சுற்றுலா பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் அந்தக் கசப்போடுதான் வரும். சர்வேயில் நிலத்துக்குத் தனிக் கேள்வி வையுங்கள். இல்லாவிட்டால் மற்ற பதில்களில் அது கலந்துவிடும்.

ஹோம்ஸ்டே போடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. லயத்துல இருக்கிற நாங்க எதுல போடுறது?

சரியான கேள்வி. கேரளத்தில் ஹோம்ஸ்டே அங்கீகாரத்துக்கு வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்க வேண்டும், வாடகைக்கு விடுவது 6 அறைக்கு மேல் போகக் கூடாது, போலீஸ் சான்று வேண்டும். எஸ்டேட் லயம் கம்பெனிச் சொத்து. வேலை முடிந்தால் வீடும் போகும். ஆகவே தோட்டத் தொழிலாளிக்கு இந்தக் கதவு மூடிதான் இருக்கிறது. ‘ஊர் மக்கள் பயன்பெறுவர்’ என்று எழுதும்போது எந்த மக்கள் என்று கேளுங்கள்.

திறந்திருக்கும் வழிகள் சமையல், சரக்கு சப்ளை, வழிகாட்டல், துணி துவைப்பு. குடும்பஸ்ரீ குழுவாகச் சாப்பாடு கொடுப்பதென்றால், ஆண்டு விற்றுமுதல் சிறியதாக இருக்கும்வரை உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதும். கவிழ்வது பெரும்பாலும் அளவில்தான்: சனிக்கிழமை 60 சாப்பாடு, செவ்வாய்க்கிழமை நாலு. முன்பதிவு இல்லாமல் சமைத்தால் இரண்டே மாதத்தில் குழு உடையும். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் எண்ணிக்கை சொல்ல வேண்டும், பாதிப் பணம் முன்கூட்டியே தர வேண்டும் என்று ரிசார்ட்டோடு எழுதிக்கொள்ளுங்கள்.

குடிக்குள்ள டூரிஸ்ட்டைக் கூட்டிட்டுப் போனா அவங்களுக்கும் வருமானம்தானே?

அதைக் குடியில் வாழும் பழங்குடியினர்தான் சொல்ல வேண்டும். காணியிடம் (குடித் தலைவரிடம்) ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன் என்பது சம்மதம் ஆகாது. குடிக்கூட்டத்தில் பெண்களும் இருக்கும்போது கேட்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தங்கள் காட்டு வளத்துக்குள் யார் வரலாம் என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. முதுவர்கள் வாழும் இடமலைக்குடி, 2010ல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. அங்கே டூரிஸ்ட் தன்னிஷ்டத்துக்குப் போக முடியாது.

சம்மதத்தோடு செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தேக்கடி உதாரணம். காட்டில் வயனா (காட்டு இலவங்க) மரத்துப் பட்டை உரித்து, வழக்குக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள், 1990களின் இறுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகி வழிகாட்டிகளானார்கள். காட்டைத் தெரிந்த அதே கண்தான், வேலை மட்டும் மாறியது. ‘வசந்த சேனை’ என்ற பெயரில் பெண்கள் கூலி வாங்காமல் காட்டு ரோந்து போகிறார்கள். அனுமதி இல்லாத வழியில் கூட்டிப்போவது எதில் முடியும் என்பதற்கு 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீ போதும்; மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன.

குப்பை?

கேரளப் பக்கம் ஹரித கர்ம சேனை வீடுவீடாக வந்து எடுக்கிறது, வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கட்டுகிறார். டூரிஸ்ட் போட்ட பாட்டிலுக்கு யார் கட்டுவது என்பதுதான் சண்டை. கடை, ரிசார்ட், ஜீப் மூன்றுக்கும் தனிக் கட்டணம் வைத்து, எந்த மாதம் எத்தனை மூட்டை போனது என்று பலகையில் எழுதிப் போடுங்கள். காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் முனகல் குறையும்.

வண்டிக்கு வரம்பு வச்சா எங்க பொழப்பு என்னாகுறது?

வரம்பு ஏற்கெனவே பல இடத்தில் இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் பூங்காவை மூடுகிறார்கள். மூணாறு அதனால் மூழ்கிவிடவில்லை. வரம்பு எப்போது, எத்தனை என்று முன்கூட்டியே தெரிந்தால் தொழில் அதற்கேற்பத் திரும்பும். வியாழக்கிழமை அறிவித்து வெள்ளிக்கிழமை அமல் செய்தால்தான் அடி.

எதிர்ப்பவர்களைத் திட்டுவதற்கு முன் அவர்கள் பக்கம் பாருங்கள். ஜீப்புக்கு மாதத் தவணை கட்டுகிறவருக்குச் சனி, ஞாயிறுதான் மாதம். வரம்பு வைக்கிற அதே தீர்மானத்தில் உள்ளூர் வண்டிக்கு முன்னுரிமையும் முறைவைத்து ட்ரிப் கொடுப்பதும் இருக்க வேண்டும். மறுபக்கம், இந்த ஒரே வருமானத்தை நம்புவதும் ஆபத்து. 2018ல் குறிஞ்சிக்காக எல்லோரும் அறை கட்டிக் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரைப் பாலம் போய், மூணாறு, மறையூர் ரோடே அறுந்தது. அடுத்த பூ 2030ல். வெல்லம் காய்ச்சுகிற ஆலையையும் பூண்டு வயலையும் விட்டுவிடாதவர்கள்தான் அந்த வருஷம் சமாளித்தார்கள்.

கிராமசபைத் தீர்மானம் போட்டா சட்டப்படி செல்லுமா? சும்மா காகிதம்தானே?

கோர்ட் உத்தரவு அளவுக்குச் செல்லாது. ஆனால் வெறும் காகிதமும் இல்லை. கட்டட அனுமதியும் தொழில் உரிமமும் பஞ்சாயத்து வழியாகத்தான் போகின்றன. எதிர்த்து வழக்கு வந்தால் முதலில் புரட்டுவது மினிட்ஸ் புத்தகத்தைத்தான். கேரளத்தில் கிராமசபை வார்டு அளவில் கூடும், குறைந்தபட்ச வருகை வாக்காளரில் 10 சதவீதம். அதே 10 சதவீதம் பேர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்டலாம். தமிழ்நாட்டில் ஊராட்சி அளவில் ஆண்டுக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

‘சுற்றுலாவை முறைப்படுத்த வேண்டும்’ என்ற தீர்மானத்தால் ஒன்றும் நடக்காது. ‘வாளி 40 விநாடிக்கு மேல் எடுக்கும் மாதங்களில் ஊற்றிலிருந்து வணிகத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கூடாது’ என்று எழுதினால் அதைச் சரிபார்க்க முடியும். மினிட்ஸ் மலையாளத்தில் எழுதினால், கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பேசியது ஒன்று, எழுதியது ஒன்று என்று பிறகு தெரிந்து பயனில்லை.

காந்தளூருக்கு விருது கிடைச்சிருச்சு. இன்னும் என்ன சர்வே?

2023ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தளூர் தங்கம் வாங்கியது உண்மை, பெருமைப்பட வேண்டியதுதான். விருது வந்த பிறகு கூட்டம் கூடும். ஆகவே கேட்க வேண்டியதே இப்போதுதான். விருதுக்கு முந்தைய மனசும் பிந்தைய மனசும் எங்கே மாறின என்று தெரிய, அதே கேள்வி, அதே மாதம், முடிந்தால் அதே வீடுகள். டிசம்பர் சீசனில் ஒரு தடவையும் பங்குனியில் ஒரு தடவையும் கேட்டுவிட்டு ஒப்பிட்டால், சுற்றுலாவை அல்ல, பருவத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

வருஷா வருஷம் யாராவது வந்து கேட்டுட்டுப் போறாங்க, ஒண்ணும் நடக்கலை. இனிமே நாங்க ஏன் பதில் சொல்லணும்?

சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் நீங்கள் கேளுங்கள்: யாருக்காக எடுக்கிறீர்கள், முடிவை எப்போது, எங்கே வாசிப்பீர்கள்? பதில் இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

சர்வே எடுப்பவர்களுக்கு: ஒரு மாதத்துக்குள் முடிவை ஒரே தாளில், பெரிய எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ரேஷன் கடை, டீக்கடை, வாசகசாலை மூன்றிலும் ஒட்டுங்கள். அடுத்த கிராமசபையில் வாசியுங்கள். வந்த குறைகளில் செலவில்லாத ஒன்றை, உதாரணமாக ஸ்கூல் விடும் நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூரிஸ்ட் வண்டி நிறுத்தாமல் இருப்பதை, அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். அடுத்த வருஷம் வரும்போது அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.